விரைந்து செய்தலும் ஆய்ந்து அறிதலும்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு எந்தப் பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டபோது, அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றப்போகும் இளம் மருத்துவருக்கு ஆராய்ச்சி எதற்கு என்னும் கேள்வியையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். இக்கேள்வியை மாணவர்கள் மட்டுமல்லர், மூத்த மருத்துவர்களும் கேட்கிறார்கள். மூச்சுத் திணறி வருபவருக்குக் குழாய் செலுத்தவும், ரத்தம் பெருகி வருபவருக்கு அதைத் தடுத்து நிறுத்தவும், மயங்கிக் கிடப்பவரின் மயக்கத்துக்குக் காரணம் ஊகிக்கவும் கற்றுக்கொடுத்தால் போதாதா. நூலகத்தில் நிதானமாக அமர்ந்து செய்யவேண்டிய காரியத்தை, உட்காரவும் நேரமில்லாத இடத்தில் நிற்பவர் தலையில் ஏன் சுமத்த வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். மேற்பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும், வேறெந்தப் பிரிவைக் காட்டிலும் அவசர சிகிச்சையிலேதான் ஆராய்ச்சி இன்றியமையாதது என்பதும், ஆராயக் கல்லாத விரைவு நோயாளிக்கு அபாயமாகவே முடியும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

மற்றப் பிரிவுகளில் மருத்துவருக்கு ஒரு பாக்கியம் உண்டு. காலையில் கொடுத்த மருந்து பலிக்கவில்லையென்றால் மாலையில் மாற்றலாம். ஐயம் எழுந்தால் மூத்தவரைக் கலந்துகொள்ளலாம். இரவு வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டலாம். அவசர சிகிச்சையில் இவற்றுக்கெல்லாம் அவகாசம் ஏது? ஆகவே அங்கே நிற்கும் மருத்துவர் செய்வதில் பெரும்பகுதி, அந்தக் கணத்தில் யோசித்துச் செய்வதன்று. ஆசிரியர் செய்யக் கண்டதை, தமக்கு முன்னிருந்தோர் செய்துவந்ததை, பழக்கத்தின் வேகத்தில் மறுபடியும் செய்வதேயாகும். அப்பழக்கம் சரியானதாயின் எத்தனையோ உயிர்களைக் காக்கும். பிழையானதாயின், அதே வேகத்தில், அதே நல்லெண்ணத்தோடு, ஒருவர் கண்ணிலும் படாமல் கொல்லும். ஒருவர் கண்ணிலும் படாமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மரணத்தை எதிர்பார்த்திருக்கும் இடத்தில் நிகழும் மரணத்தை, நோயின்மேல் ஏற்றுவார்களேயன்றி, மருந்தின்மேல் ஏற்றிப் பார்ப்பார் இல்லை.

இத்தகைய இடத்தில் நெடுங்காலம் நாம் யாரை நிறுத்தி வைத்திருந்தோம்? மருத்துவமனையிலேயே அநுபவம் குறைந்தவரை. கேஷுவாலிட்டி என்று நாம் அழைத்துப் பழகிய அந்த அறையில், படிப்பு முடித்து வெளிவந்த இளைஞர் ஒருவர் முறைப்பணியாக நின்று, வருவோரைப் பார்த்து, இன்ன பிரிவுக்கு என்று எழுதி அனுப்பி வந்தார். மிகக் கடுமையான நோயாளியை மிக இளைய மருத்துவர் முதலில் பார்க்கும் இந்த விபரீத ஏற்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் லீட்ஸ் நகர மருத்துவமனையில் 1952-ல் மாரிஸ் எல்லிஸ் என்பவர் இப்பிரிவுக்கென்றே முதுநிலை மருத்துவராக அமர்ந்ததும், அமெரிக்காவில் அலெக்ஸாண்டிரியா நகரில் 1961-ல் ஜேம்ஸ் மில்ஸ் என்பவர் மூன்று நண்பர்களோடு சொந்தத் தொழிலை விட்டு இரவும் பகலும் அவசரப் பிரிவையே கவனிக்க முன்வந்ததும் புதுமைகளாகவே கருதப்பட்டன. 1970-ல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகம் இத்துறைக்குத் தனிப் பயிற்சியைத் தொடங்கிற்று. 1979-ல் அந்நாடு இதனைத் தனிச் சிறப்புத்துறையாக அங்கீகரித்தது. இந்திய மருத்துவக் குழு அவ்வாறு அங்கீகரித்தது 2009-ல். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டில். வண்டி முதலில் வந்தது. அது கொண்டுவந்து சேர்க்கும் நோயாளியை வாங்கிக்கொள்ளும் கல்வி பிறகுதான் வந்தது.

இனி, பழக்கம் கண்ணுக்குத் தெரியாமல் கொல்லும் என்று சொன்னேனே, அதற்கு அத்தாட்சி காட்டவேண்டியது என் கடமை. தலையில் அடிபட்டு நினைவிழந்தவருக்கு ஸ்டீராய்டு மருந்தை நரம்புவழி செலுத்தும் வழக்கம், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தின் பல பாகங்களிலும் நிலவியது. அடிபட்ட மூளை வீங்குகிறது. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குவது. ஆகையால் அதனால் நன்மை விளைந்தே தீரும் என்பது தர்க்கம். கேட்கும்போது குற்றம் காணமுடியாத தர்க்கந்தான். சிறு சிறு ஆய்வுகள் பல நடந்தன. ஒன்று நன்மை என்றது, மற்றொன்று இல்லை என்றது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் உண்மை தெளியவில்லை. அந்நிலையில் லண்டனில் இயன் ராபர்ட்ஸும் அவருடைய சகாக்களும் 'கிராஷ்' என்னும் பேராய்வைத் தொடங்கினர். இருபதாயிரம் பேரைச் சேர்ப்பதென்று திட்டமிட்டு, நாற்பத்தொன்பது நாடுகளின் 239 மருத்துவமனைகளில் 10,008 பேரைச் சேர்த்திருந்த நிலையில், 2004-ஆம் ஆண்டு மே மாதம் அதை நிறுத்த நேர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், மருந்து பெறாதவருள் நூற்றுக்கு 17.9, மருந்து பெற்றவருள் 21.1. அதாவது நூறு பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்தால், கொடுக்காதிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய மூன்று பேர் மாண்டனர்.

நூற்றுக்கு மூன்று என்னும் இந்த வித்தியாசத்தை, ஒரு மருத்துவர் எவ்வளவு மேதையாயினும், எத்தனை ஆண்டு அநுபவமுடையவராயினும், தம் வாழ்நாளில் தாம் கண்ட நோயாளிகளைக் கொண்டு மட்டும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதை மாணவர்கள் மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். அநுபவத்தை நான் இகழவில்லை. கையும் கண்ணும் காதும் அநுபவத்தால்தான் பழுக்கின்றன. ஆனால் அநுபவத்துக்கு எட்டாத உண்மைகள் உண்டு. பல்லாயிரம் பேரை ஒருங்கே வைத்து எண்ணினாலன்றி அவை புலப்படா.

அதே குழுவினர் பின்னர் செய்த ஆய்வு, ஆராய்ச்சி என்பது நெருக்கடியின் நடுவே எப்படி நடக்க முடியும் என்பதற்கு நல்ல உதாரணமாதலால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காயம்பட்ட இடத்தில் ரத்தம் உறைகிறது. உறைந்ததைக் கரைக்கும் சக்தியையும் உடலே வைத்திருக்கிறது. பெருங்காயத்தில் இக்கரைப்பு மிகுந்துவிடுமானால் ரத்தப் பெருக்கு நில்லாது. அக்கரைப்பைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை, ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்னும் அம்மையாரும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் 1962-ல் கண்டறிந்திருந்தனர். அறுவை சிகிச்சைகளில் பயன்பட்டு வந்த அந்த மருந்து, விபத்தில் சிக்கி ரத்தம் இழப்பவரைக் காக்குமா என்பதுதான் கேள்வி.

மருத்துவமனைகளுக்கு ஒரே தோற்றமுடைய மருந்துப் பொட்டலங்கள், பெட்டிக்கு எட்டு வீதம், வரிசை எண்ணிட்டு அனுப்பப்பட்டன. சிலவற்றில் மருந்து, சிலவற்றில் வெறும் உப்புநீர், எதில் எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. தொலைபேசி வசதியுள்ள இடத்தில் மையத்தைக் கேட்டு எண் பெற்றனர். வசதியில்லாத இடத்தில் பெட்டியின் அடுத்த எண்ணை எடுத்தனர். எழுதவேண்டிய படிவம் மிகச் சுருக்கமானது. யாரைச் சேர்ப்பது என்பதற்கு வைத்த நிபந்தனைதான் என் நெஞ்சைக் கவர்ந்தது: இந்நோயாளிக்கு இம்மருந்து வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ மருத்துவர் உறுதியாக எண்ணினால் அவரைச் சேர்க்கக்கூடாது, உண்மையாகவே ஐயம் இருந்தால் மட்டும் சேர்க்கலாம். ஐயமே நுழைவுச் சீட்டாக இருந்தது. நாற்பது நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 பேர் சேர்ந்தனர்; அவர்களுள் பெருந்தொகையினர் இந்திய மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்கள். 2010-ல் முடிவு வெளியாயிற்று. உப்புநீர் பெற்றவருள் நூற்றுக்கு 16 பேர் இறந்தனர். மருந்து பெற்றவருள் 14.5.

இந்த முடிவோடு நின்றிருந்தால் பாதி உண்மையே கிடைத்திருக்கும். மறு ஆண்டு அதே கணக்கை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அடிபட்ட ஒரு மணிக்குள் மருந்து பெற்றவர்களிடம் ரத்தப் பெருக்கால் நேரும் மரணம் 7.7 சதவீதத்திலிருந்து 5.3-ஆகக் குறைந்திருந்ததும், மூன்று மணி கடந்து பெற்றவர்களிடம் 3.1-லிருந்து 4.4-ஆக அதிகரித்திருந்ததும் தெரியவந்தன. காக்கும் மருந்தே காலம் தவறினால் கெடுக்கிறது! நம்முடைய பயிற்சிக்கு இதனினும் முக்கியமான செய்தி வேறில்லை. அடிபட்டவர் முதலில் தாலுகா ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஜில்லாத் தலைமை மருத்துவமனைக்கும், அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்குமாக எழுதி அனுப்பப்பட்டுக்கொண்டே போகும் நம் வழக்கத்தில், மூன்று மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடக்கூடும். ஆகவே இம்மருந்தைப் பற்றி அறிந்திருக்கவேண்டியவர் பெரிய மருத்துவமனையின் நிபுணர் அல்லர். தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர். 'எப்போது அடிபட்டது?' என்பது அவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்றாக வேண்டும்.

ஒகமோட்டோ அம்மையார் தம் மருந்தைப் பிரசவத்தில் ரத்தம் பெருகி இறக்கும் தாய்மாரைக் காக்கும் மருந்தாகவே எண்ணியிருந்தார். இருபதாயிரம் தாய்மாரைக் கொண்டு நடந்த ஆய்வு, உரிய நேரத்தில் கொடுத்தால் அது அவ்வுயிர்களைக் காக்கும் என்று 2017-ல் காட்டிற்று. அம்மையார் 2016-ல், தொண்ணூற்றெட்டாம் வயதில் காலமாகிவிட்டார். மருந்து கண்டறியப்பட்டு ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்தக் கேள்விக்கு விடை காணாமலிருந்ததை நினைக்கும்போது, இடையில் மாண்ட தாய்மாரை எண்ணி மனம் கனக்கிறது.

ஆப்பிரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வையும் சொல்லாமல் இருக்க முடியாது. கடுஞ்சுரத்தோடு, கைகால் குளிர்ந்து, ரத்த ஓட்டம் தளர்ந்து வரும் குழந்தைக்கு உடனே நிறைய உப்புநீரை நரம்புவழி விரைந்து செலுத்த வேண்டும் என்பது செல்வ நாடுகளின் பாடம். அதையே எல்லோரும் ஓதினோம். கென்யா, உகாண்டா, டான்ஸானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். 2011-ல் வெளியான முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது. விரைந்து நீர் பெறாத குழந்தைகளுள் இரண்டு நாளுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 7.3, பெற்றவர்களுள் பத்தரைக்கும் மேல். செயற்கைச் சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சையும் உள்ள இடத்தில் பிறந்த பாடத்தை, அவை இல்லாத இடத்துக்கு அப்படியே எடுத்துச்செல்லலாகாது என்பதை அந்தக் குழந்தைகள் நமக்குக் கற்பித்தனர். கவனத்துக்குரிய மற்றொன்றும் உண்டு. ஆய்வுக்கு முன்பே அம்மருத்துவமனைகளின் ஊழியருக்கு, வரும் குழந்தைகளுள் யாரை முதலில் பார்ப்பது, உயிர்காப்பது எப்படி என்னும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியும் ஆராய்ச்சியும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தன.

பிறர் கேட்ட கேள்விக்கு நோயாளிகளைத் தந்து உதவுவது நல்லதுதான். ஆனால் நம் மண்ணுக்கு உரிய கேள்விகளை நாமே கேட்டாலன்றி யாரும் கேட்கமாட்டார்கள். லண்டனில் நல்ல பாம்பு கடிப்பதில்லை. பாம்புக்கடிக்கு நாம் செலுத்தும் விஷமுறிவு மருந்து பலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது. அதைத் தடுக்க ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெதஸீனும் முன்கூட்டியே கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். இலங்கையில் ஆயிரத்தேழு நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அவ்விரு மருந்துகளாலும் பயன் காணப்படவில்லை. தோலுக்கடியில் செலுத்தும் மிகச் சிறிதளவு அட்ரினலின்தான் கடும் ஒவ்வாமையைக் குறைத்தது. இலங்கையில் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. நம் நாட்டு மருந்துக்கு வேண்டிய விஷத்தை மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்து வழங்கிவருகிறார்கள். விஷமெடுப்பவர் நம்மவர், மருந்து நம் நாட்டது, கடிபடும் உழவரும் நம்மவரே. ஆராய்ச்சி மட்டும் கடல் கடந்து நடந்தது. அண்டை நாட்டாரைப் பாராட்டுகிறேன். நம்மைக் குறித்து வருந்துகிறேன்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தின் கொங்கணத்தில், மஹாட் என்னும் சிற்றூர்ப் பக்கத்தில், ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்னும் மருத்துவர் செந்தேள் கொட்டிய குழந்தைகள் இருதயம் செயலிழந்து மடிவதைக் கண்டு, இரவு பகலாக அவர்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு மாறுதலையும் குறித்துவைத்து, ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோஸின் என்னும் மலிவான மாத்திரை அக்குழந்தைகளைக் காப்பதை 1980-களில் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அவரிடம் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. கானடாவில் இயன் ஸ்டியெல் என்பவர் 1992-ல் வகுத்த கணுக்கால் விதிகளும் அத்தகையனவே: கால் பிசகி வருபவரின் எலும்பில் குறித்த சில இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து, நான்கு அடி நடக்கச் சொல்லி, எக்ஸ்ரே வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம் என்பதை அவர் ஒழுங்காக எண்ணிக் காட்டினார். இவ்வளவுக்கும் தேவைப்பட்டவை விரலும் நோட்டுப்புத்தகமும் பொறுமையுமே.

நோயாளியின் சம்மதத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நினைவிழந்து கிடப்பவரிடம் எப்படிச் சம்மதம் கேட்பது? 1964-ல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் செய்த பிரகடனம் முதல் இக்கேள்வி தீராத விவாதமாகவே இருந்துவருகிறது. அமெரிக்காவில் 1996-ல் செய்த விதி, முன்சம்மதமின்றி இத்தகைய ஆய்வை நடத்தச் சில கடும் நிபந்தனைகளோடு இடமளித்தது. ஆய்வு நடக்கும் ஊராரைக் கூட்டி முன்பே கலந்துகொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆப்பிரிக்க ஆய்வில், நெருக்கடி மிக்க வேளையில் பெற்றோரின் வாய்மொழி இசைவை முதலில் பெற்று, குழந்தை சற்றுத் தேறிய பின் முழு விவரமும் சொல்லி எழுத்துச் சம்மதம் கேட்டனர். நம் மருத்துவமனைகளில் உறவினர் சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான்: "நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரிங்க, டாக்டர்." இது நம்மிடம் அவர்கள் வைக்கும் நம்பிக்கை, சம்மதம் ஆகாது. அந்த நம்பிக்கையைச் சம்மதமாக எண்ணிக் கையொப்பம் வாங்கிக்கொள்வதைப் போன்ற அநீதி வேறில்லை. கலங்கி நிற்கும் ஒரு தாய்க்கு, இன்ன மருந்து நல்லதா என்று எங்களுக்கே இன்னும் நிச்சயமில்லை, அதைத் தெரிந்துகொள்ளவே இந்த முயற்சி, வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதை, இரண்டு நிமிஷத்தில், அவளுக்கு விளங்கும் தமிழில் சொல்லத் தெரிவது ஒரு வித்தை. மூச்சுக் குழாய் செலுத்துவதைக் கற்பிப்பதுபோல் இதையும் கற்பிக்க வேண்டும். பரீட்சையிலும் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு யோசனை. எம்.டி. பட்டத்துக்கு மூன்றாண்டு பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதியே தீரவேண்டும் என்பது விதி. விதி நல்லதே, நடப்பு அப்படியில்லை. தனித்தனியாக ஒவ்வொருவரும் ஐம்பது பேரையோ நூறு பேரையோ வைத்துக்கொண்டு, முன்னோர் எழுதிய தலைப்பையே சற்று மாற்றி எழுதி, பைண்டு செய்து சமர்ப்பிக்கிறார்கள். அவ்வேடு நூலகத்து அலமாரியில் உறங்குகிறது. ஸ்டீராய்டு விஷயத்தில் சிறு ஆய்வுகள் உண்மையைத் தெளிவிக்கவில்லை என்பதைக் கண்டோம். டெட்ராய்ட் நகரில் எமானுவல் ரிவர்ஸ் 263 பேரைக் கொண்டு ரத்த நச்சுநிலைக்கு வகுத்துக்காட்டி, 2001-ல் உலகமே மெச்சிய சிகிச்சைமுறை, பின்னர் மூன்று பேராய்வுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டபோது, அக்காலத்து வழக்கமான நற்சிகிச்சையினும் மேலானதாகத் தோன்றவில்லை. உண்மையோடு செய்த ஆய்வுக்கே இந்நிலையென்றால், பட்டத்துக்காக அவசரத்தில் எழுதும் ஏட்டினால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே தமிழ்நாட்டின் அவசர சிகிச்சைத் துறைகள் அனைத்தும் கூடி, ஆண்டுக்கு ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கட்டும். அவ்வாண்டு சேரும் மாணவர் அனைவரும், தத்தம் மருத்துவமனையில், ஒரே படிவத்தில், ஒரே முறையில் நோயாளிகளைப் பதிவு செய்யட்டும். ஒவ்வொருவரும் அக்கேள்வியின் ஒரு கூறை எடுத்துத் தம் ஏட்டை எழுதட்டும். கணக்கு மட்டும் பொதுவாக ஒன்றுசேரட்டும். ஒருவரிடம் நூறாக இருந்தது, எல்லோரிடமும் சேரும்போது சில ஆண்டுகளில் பல்லாயிரமாகும். முதற்கேள்வியாக, அடிபட்ட நேரத்துக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தின் முதல் ஊசிக்கும் இடையே நம் மாவட்டங்களில் எத்தனை மணி கழிகிறது, எங்கே கழிகிறது என்பதையே எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய மருந்தோ அயல்நாட்டுப் பணமோ வேண்டியதில்லை; ஆம்புலன்ஸ் குறிப்பும், நோயாளிச் சீட்டும், கடிகாரமும் போதும். பாம்புக்கடியை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகத்தார் ஆய்வேட்டு விதியில் ஒரு சிறு திருத்தம் செய்தால் இது நடக்கும். இந்த அவையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்கள் அதற்கான விண்ணப்பத்தை ஒருங்கே கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும் என்றும், அடுத்த அணி மாணவர்கள் சேர்வதற்கு முன்பே அனுப்ப வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.